கதவுக்கு இந்தப் பக்கம்

கிளினிக்கில் என் எதிரே வந்து உட்காரும் தோட்டத்துப் பெண்கள், நான் பேசுகிற தமிழைக் கேட்டதும் முகம் நிமிர்த்திக் கேட்பார்கள். "தம்பி எந்தத் தோட்டம்?" முன்பெல்லாம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயம் என்பது வரை சொல்லிவிடுவேன். அவர்களும் அப்படியே உறவுக் கொடி பிடித்துக்கொண்டு போய், என் சித்தப்பா ஒருவர் அவர்கள் ஊரில் பெண் எடுத்தவர் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது அதே கேள்விக்கு, "அட்டன் பக்கமுங்க" என்கிறேன். அட்டனில் எனக்கு யாரும் இல்லை. "ஓ, அந்தப் பக்கமா" என்று அவர்கள் தோளை இறக்குவது தெரியும். அதற்குப் பிறகுதான், நர்ஸ் மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டதும், எங்கே கட்டி இருக்கிறது என்று சொல்வார்கள்.

இந்தப் பொய்யை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா நான் பள்ளியில் ஏ.எல். படிக்கும்போதே இறந்துவிட்டார். தங்கச்சி, அம்மா, நான், அவ்வளவுதான் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான். டாக்டராகிப் பதுளையில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, அங்கேயே சர்ஜரிப் பயிற்சியும் தொடங்கியபோது, இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஒரு பஸ் ஏறினால் பசறையைத் தாண்டி வீடு.

சர்ஜரி படிப்பது என்றால் கத்தி பிடிக்கப் பழகுவது என்று நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் நான் பிடித்ததெல்லாம் மற்றவர்கள் வெட்டிய வயிற்றின் விளிம்பைத்தான். வளைந்த இரும்பினால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மூக்கு அரிக்கும், தொடக் கூடாது. கால் மரத்துப்போய் யாருடைய கால் என்று தெரியாமல் போகும். கை ஒரு நூல் தளர்ந்தால், "நித்திரையோ?" என்று எதிரிலிருந்து குரல் வரும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள், சிங்களத்தில் பகிடி பண்ணுவார்கள். இரண்டையும் மனதுக்குள் தமிழாக்கிப் பதிலைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் அடுத்தவன் சொல்லிவிடுவான். எத்தனையோ நாள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிச் சப்பாத்தைக் கழற்றும்போது, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருமலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் போனதில்லை, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் போனதில்லை.

எங்கள் யூனிட்டின் பெரிய சர்ஜன், பெரியவர் என்போம், யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். ஒருநாள் நான் தையல் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "உமக்கு இடது கையும் நல்லா வேலை செய்யுது. எங்க பழகினீர்?" என்றார்.

"கொழுந்து பறிச்சுங்க சேர். லீவுக்கு லீவு அம்மாவோட மலைக்குப் போவேன்."

அவர் சிரிக்கவில்லை. "விட்டிடாதையும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டு கையாலயும் எடுக்கலேன்னா கங்காணி சும்மா விடுவாரா?" என்றாள். வீட்டுக்குப் போனால் நூல் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பேன். "ஏண்டா, ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லாத வீட்டுல இத்தன கயிறு கட்டுற?" என்பாள் அம்மா. "அண்ணன் டாக்டருக்குப் படிக்கலம்மா, படங்கு தைக்கப் படிக்குது" என்பாள் தங்கச்சி. படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரமும் முள்ளும் படாமல் உடம்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்கு. அம்மா அதை மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டத் தொடங்கியிருந்தாள். அதை நான் பார்க்கவில்லை, பின்னால் கேள்விப்பட்டதுதான். மலையில் அவளோடு நிற்கிற வயதெல்லாம் எனக்கு முடிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேல் லயத்து அக்கா ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "அய்யோ, நம்ம தம்பியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மார்பில் கட்டி. மிஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முறைப்படி, நான்தான் பார்த்தேன். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சீக்கிரம் பாரு தம்பி, சீக்கிரம்" என்றபடியே இருந்தார். அது ஒன்றுமில்லாத கட்டி. பெரியவர் எடுத்தார், நான் கூட நின்றேன். நம் ஆட்களுக்கு நாமே பார்ப்பது எவ்வளவு நல்லது, சிங்களம் தெரியாமல் கையைக் காலை ஆட்டி வலியைச் சொல்ல வேண்டியதில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "மலை பூரா ஒன் பேச்சுதான். அவ தேத்தண்ணி நேரத்துல எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டுறா. 'நான் தூக்கி வளத்த புள்ள, என்னயப் பாத்து மேல் சட்டய கழட்டுங்கன்னு சொல்லுது, நான் கண்ண மூடிக்கிட்டு மாரியாத்தாவ கூப்புட்டேன்'னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாளுக."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"சிரிக்காம?" என்றாள் அம்மா.

பிறகு ஒவ்வொரு ஃபோனிலும் ஒரு கேள்வி வரத் தொடங்கியது. "ஒனக்கு எப்ப தம்பி வேற ஊருக்கு மாத்தம் வரும்?"

மகன் பெரிய இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "நான் எங்கயும் போகலம்மா. ஒங்க பக்கத்துலயேதான் இருப்பேன்" என்பேன். "சரி சாமி" என்று வைத்துவிடுவாள். பயிற்சியின் அடுத்த கட்டத்துக்குக் கண்டியில் இடம் வந்தது. தங்கச்சியும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள், அம்மா தனியாக இருக்கிறாள் என்று சொல்லி, இன்னொரு வருடம் பதுளையிலேயே இருக்கக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "படிப்பு பிந்தும்" என்றார். பிந்தட்டும் என்று இருந்துவிட்டேன். அதை அம்மாவிடம் ஒரு பரிசு கொடுப்பதைப் போலச் சொன்னேன்.

அந்த வருடம் வீட்டுக்குப் போனபோதெல்லாம் அம்மா கழுத்துவரை பொத்தான் போட்ட சுவெட்டரோடு இருந்தாள். வெயில் ஏறிய பிறகும் கழற்றவில்லை. அவள் உடம்பிலிருந்து ஓடிக்கொலோன் வாசம் அடித்தது.

"என்னம்மா, செண்டெல்லாம் பலமா இருக்கு?"

"டாக்டரோட அம்மா இல்லியா. வாசமா இருக்க வேணாமா?"

தங்கச்சி பண்டாரவளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். ஒருமுறை வந்தவள், அம்மாவின் துணிகளை எடுத்துக்கொண்டு மலைத்தண்ணீர் விழும் பீலிக்குத் துவைக்கப் போயிருக்கிறாள். அங்கிருந்தே எனக்கு ஃபோன் பண்ணினாள். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அம்மா சட்டையில ஒரு பக்கம் பூரா ஈரம் காஞ்ச கறை. ரத்தமும் சீழும். வாடையடிக்குது. நீ வா."

போனேன். காம்பராவின் முன்வராந்தாவான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்ததுமே தங்கச்சியை முறைத்தாள். காட்டுங்கள் என்றேன். மாட்டேன் என்றாள். எப்போதிருந்து என்றேன். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு வெதமாத்தயாவிடம் எண்ணெய் வாங்கிப் பூசியதை மட்டும் சொன்னாள். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எத்தனை பெண்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன், ஏன் முதலிலேயே வரவில்லை என்று! அதே வார்த்தைகள் அதே வரிசையில் வந்தன.

"நீ போயிட்டா வரலாம்னுதான் இருந்தேன்" என்றாள் அம்மா.

"எங்க போயிட்டா?"

"ஒனக்கு மாத்தம் கெடைச்சுப் போயிட்டா. நீதான் போகவே மாட்டேன்னு நின்னுக்கிட்டே." சண்டை போடும் குரல் இல்லாமல் சொன்னாள்: "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கடைசியில பதுளைக்குத்தான் எழுதிக் குடுப்பாங்க. அங்க நீ இருக்க. நீ இல்லாட்டி ஒன் கூட்டாளி டாக்டருங்க. நாளைக்கு ஒன்னோட ஒக்காந்து சோறு திங்கிறப்ப அவுங்களுக்கு என் ஒடம்புல்ல தம்பி ஞாபகத்துக்கு வரும்? மலையில அவ நடிச்சுக் காட்டினாளே. நான் சிரிச்சேன். அன்னைக்கே எனக்கு அது இருந்துச்சு."

தங்கச்சி அழுதாள். நான் அழவில்லை. பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு வரச் சம்மதித்தாள். பெரியவர் மட்டும் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே இருக்கக் கூடாது. அவள் யாருடைய அம்மா என்று யாருக்கும் சொல்லக் கூடாது. பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "அண்டைக்கு நீர் லீவு" என்றார்.

ஆகவே என் அம்மாவை என் ஆஸ்பத்திரியில், என் மேசையில், நான் திரையிழுக்கும் அறையில் சோதித்த அன்று, நான் பதுளை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். கடலை விற்பவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனார். தோட்டத்து ஆள் ஒருவர் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னா டாக்டர் தம்பி, டியூட்டி இல்லியா?"

"இன்னைக்கு லீவுங்க."

"எங்க, வீட்டுக்கா? அம்மாவ பாக்கவா?"

"ஆமாங்க."

பஸ் வந்ததும் அவர் ஏறினார். நீயும் ஏறு என்று கையைக் காட்டினார். அடுத்ததில் வருகிறேன் என்று நானும் காட்டினேன். அதற்கு அடுத்த பஸ்ஸும் போன பிறகுதான் பெரியவர் அழைத்தார்.

"எங்க நிக்கிறீர்?"

"பஸ் ஸ்டாண்டில, சேர்."

"அம்மா நல்ல மனுசி. என்னோட நல்லாக் கதைச்சவ. எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டன். ஒரு மகள் மட்டும்தான் எண்டு சொன்னவ. நானும் ஓமெண்டு விட்டிட்டன்."

நான் கேட்டேன். "வெட்டலாமா சேர்?"

"இல்லையப்பா" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நெஞ்சோட ஒட்டிட்டுது. ஸ்கேன் எடுத்துப் பாப்பம். ஆனா நீர் படிச்சனீர்தானே."

படித்திருந்தேன். கட்டி நெஞ்செலும்போடு ஒட்டி, தோலையும் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் கத்திக்கு அங்கே அதிகம் வேலையில்லை என்று படித்து, பரீட்சையில் எழுதி, சரி வாங்கியவன்தான். ஸ்கேனில் நுரையீரலிலும் இருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அதற்காக அம்மா பதுளைக்கு வந்து, நான் வேலை செய்யும் மாடிக்குக் கீழ் மாடியில் படுத்திருப்பாள். தங்கச்சி வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். நான் படியிறங்கிப் போகவில்லை. அவள் யாரென்று தெரியவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் மட்டும் ஒரு நோயாளியைப் பார்க்க அந்த வார்ட்டு வழியாகப் போக வேண்டியிருந்தது. பின்னால் மாணவர்கள். அம்மாவின் கட்டிலைத் தாண்டினேன். யாரோ ஒரு டாக்டரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மரியாதைக்குக் காலைக்கூட மடக்கிக்கொண்டாள். நான் போன பிறகு, "என்னா கம்பீரமா போறான் பாத்தியா" என்றாளாம் தங்கச்சியிடம்.

அந்த நாட்களில் ஒரு மார்பு ஆபரேஷனுக்குப் பெரியவர் என்னைக் கூட நிற்கச் சொன்னார். துணி போர்த்தி, வெட்டும் இடம் மட்டும் தெரிந்தது. கட்டி சின்னது. நேரத்தோடு வந்த பெண். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. முகமே தெரியாத ஒருத்தி மேல், பிழைக்கப் போகிறாளே என்று. பிடித்திருந்த இரும்பைக் கை தளரவிட்டது. என் இரண்டு கைகளும், இடதும் வலதும். பெரியவர் கண்டுவிட்டார். "வெளியில போறதெண்டா போம். நிக்கிறதெண்டா நில்லும்" என்றார். நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மருந்தை உடம்பு தாங்காமல் போனதும் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அதன் பிறகு புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் வேலை. எனக்குத் தெரிந்த வேலை. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் அம்மா என்னைக் காம்பராவுக்குள் விடவில்லை. தங்கச்சிக்குப் புண்ணைப் பார்த்தாலே மயக்கம் வரும். இருந்தாலும் அவள்தான் செய்ய வேண்டியிருந்தது; நான் போகிற நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே, நான் இஸ்தோப்பில் கதவோடு ஒட்டி நின்றுகொண்டு வெளியே.

"கைய கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

"பழைய துணிய அப்புடியே இழுக்காத. உப்புத் தண்ணிய ஊத்து. நல்லா நனையட்டும். ஊறினப் பெறகு தானா வரும்."

"ஊத்திட்டேன்."

"இப்ப ஓரத்துலருந்து எடு. ரத்தம் வருதா?"

"கொஞ்சம்."

"புதுத் துணிய வச்சு அமுக்கிப் பிடி. எடுத்து எடுத்துப் பாக்காத."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். "ஏண்டி, அவன் ரேடியோ மாதிரி வெளிய நின்னு பேசுறான், நீ செய்தி கேக்குற மாதிரி கேக்குற. மழையில நனையிறானா பாரு. தேத்தண்ணி குடுத்தியா?"

ஒருநாள் தங்கச்சியின் கை தவறி வலித்துவிட்டது. அம்மா கத்திய சத்தம் கேட்டுக் கதவில் கை வைத்துவிட்டேன். "அம்மா, இந்த ஒருதரம் நான் செய்றேன். எனக்கு வலிக்காம எடுக்கத் தெரியும். கண்ண மூடிக்குங்க. நான் ஒங்க மூஞ்சிய பாக்க மாட்டேன்."

உள்ளே மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "வேணாம் சாமி" என்றாள். "நீ பால் குடிச்ச எடம்டா. ஒனக்கு அது அப்புடியே இருக்கட்டும்."

கையை எடுத்துக்கொண்டேன். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்து என்னா செய்யணும்?" என்று கேட்டாள். சொன்னேன்.

தங்கச்சி கெட்டிக்காரியாகிவிட்டாள். சில வாரங்களில் நான் சொல்வதற்கு முன்பே செய்துவிட்டு, "ம், ஆச்சு" என்பாள். ஆனாலும் ஒவ்வொரு படியையும் கேட்பாள். நான் வெளியே சும்மா நிற்கக் கூடாது என்றுதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

அம்மா போனது ஒரு காலை நேரம். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன பெண்கள் செய்தி கேட்டுப் பாதி வழியிலேயே கூடையோடு திரும்பி வந்தார்கள். மேல் லயத்து அக்கா என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் சொல்லிச் சிரித்த கதைக்கும் இதற்கும் இருந்த தொடர்பு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

எங்கள் வழக்கப்படி குளிப்பாட்டும் தண்ணீரை மகன்தான் எடுத்து வர வேண்டும். பீலியில் குடத்தைப் பிடித்தேன். தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை நான்கு பேர் விரித்துப் பிடித்து வர, தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே குடத்தைத் தோளில் வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தேன். காம்பரா வாசலில் சேலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். குளிப்பாட்டுவது பெண்களின் வேலை. குடத்தை உள்ளே நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கதவைச் சாத்தினார்கள். நான் இஸ்தோப்பில், வழக்கமாக நிற்கும் இடத்தில், நின்றுகொண்டேன்.

உள்ளே பாத்திரச் சத்தமும் பெண்களின் பேச்சுமாக இருந்தது. பிறகு எல்லாம் அடங்கியது. தங்கச்சியின் குரல் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் வந்து கேட்டது.

"அண்ணா."

"ம்."

"நேத்துப் போட்ட கட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. எடுக்கவா, அப்புடியே விடவா?"

தப்படிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கதவின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"எடு" என்றேன். "தண்ணிய ஊத்தி நல்லா நனைச்சுட்டு எடு. இழுத்துடாத. அம்மாவுக்கு வலிக்கும்."